ஆறு செக்கனில் முடிந்த முப்பது செக்கன்

எந்தக் கொம்பியூட்டரும் எந்த ஊரில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் எண்ணும் என்று, பதினாறு வயதில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யும் அளவுக்கு நம்பியிருந்தேன். திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த எங்கள் 'டியூட்டரி' என்ற தனியார் வகுப்பு நிலையத்தில் கிழட்டு மெசின் ஒன்று இருந்தது. கோழி சோளம் கொத்துவதுபோல் 'கறக், கறக்' என்று பிளொப்பித் தட்டைக் கொத்திக் கொத்தி வாசிக்கும். சாம்பல்தீவு டியூட்டரியோடு நடக்கவிருந்த பொது அறிவுப் போட்டிக்கு, முப்பது செக்கன் எண்ணி மணியடிக்கும் புரோகிராமை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 'ஒன்றிலிருந்து நாலாயிரம் வரை சும்மா எண்ணு' என்று எழுதினால் எங்கள் மெசினுக்கு ஒரு செக்கன் பிடிக்கும்; முப்பது தரம் எண்ணினால் முப்பது செக்கன். அந்த நாலாயிரத்தைக் கண்டுபிடிக்கக் கைக்கடிகாரத்தோடு ஒரு கிழமை குந்தியிருந்ததால், அதை உலக நியதி என்றே நினைத்துவிட்டேன்.

சாம்பல்தீவார் எங்களை நம்பவில்லை. போன முறை கேள்விகளை நாங்கள் முன்கூட்டியே பார்த்துவிட்டதாக ஒரு கதை, அது பொய்யுமில்லை. ஆகவே தங்கள் மேசைக்கென்று ஒரு புதுக் கொம்பியூட்டரை இரவல் வாங்கி, வான் வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். என் புரோகிராமை இரண்டிலும் ஏற்றினேன். எங்கள் அணிக்கு முதல் கேள்வி, முப்பது செக்கன், மணி. அவர்களுக்கு அடுத்த கேள்வி; அணித்தலைவி தர்சினி மூச்சை இழுத்து வாயைத் திறக்குமுன் மணி.

"இதென்ன, எங்களுக்கு மட்டும் ஆறு செக்கனோ?" என்றாள்.

"கொம்பியூட்டர் நீங்கள் கொண்டு வந்ததுதானே," என்றேன்.

எழும்புகிறவர்களின் கதிரைகள் பின்னால் உரசும் சத்தம் கேட்டது. "புரோகிராம் எழுதின கள்ளன் ஆர்?" என்று அவர்களின் கணக்கு மாஸ்டர் சட்டைக் கையை மடித்தபடி வந்தார். அந்த நேரம் எனக்கு ஞாபகம் வந்த ஒரே பெரிய சொல் வைரஸ். "உங்கட மெசினில வைரஸ் இருக்கு, சேர்," என்றேன். அதை இரவல் கொடுத்தவரும் சபையில்தான் இருந்தார், அவரும் எழும்பினார்.

அந்த மெசினின் முகப்பில் 'டர்போ' என்றொரு பொத்தான் இருந்தது. அதை அமத்தினால் வேகம் குறையும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். அமத்தினேன். ஆறு செக்கன் பன்னிரண்டாகியது.

"இப்ப பேரம் பேசுறார்," என்றாள் தர்சினி. எங்கள் அணியும் சிரித்தது.

எங்கள் மாஸ்டராவது என் பக்கம் நிற்பார் என்று பார்த்தேன். "டேய், நீ வெளியில போய் நில்லு," என்றவர், தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தர்சினியிடமே கொடுத்து, போட்டியை முதலிலிருந்து நடத்தினார். சாம்பல்தீவு வென்றது. அதை நான் யன்னல் கம்பிக்கு வெளியே நின்று கேட்டேன்.

அந்த டியூட்டரி இருந்த இடத்தில் இன்று கைபேசிக் கடை. பிளொப்பி இல்லை, டர்போ பொத்தானும் இல்லை. தர்சினி மட்டும், பஸ் நிலையத்தில் கண்டால், இன்றைக்கும் "என்ன ஆறு செக்கன், சுகமோ?" என்றுதான் கேட்பாள்.

நடந்தது இவ்வளவுதான். அவர்களின் மெசின் எங்களுடையதைவிட ஐந்து மடங்கு வேகமானது. என் நாலாயிரத்தையும் ஐந்து மடங்கு வேகமாக எண்ணி முடித்தது. இரண்டு மெசினுக்குள்ளும், வேகம் எதுவானாலும் செக்கனுக்குப் பதினெட்டுத் தரத்துக்குச் சற்று மேலாக ஒரே சீராய்த் துடிக்கும் கடிகாரம் ஒன்று இருந்தது. புரோகிராம் அதைப் பார்த்து எண்ணியிருக்க வேண்டும். நான் அப்படி எழுதவில்லை.