ஓட்டை போட்ட மூடி

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்றதும் எங்களைப் பணக்காரர்கள் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் சந்துக்குள் அந்தக் கார் முதன்முதலாக வந்தபோது அதை நாலு பேர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்பா மட்டும் உள்ளே உட்கார்ந்து, தானே ஓட்டி வருவது போல ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் டிரைவர், போகிற போக்கில் அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போன கறுப்புக் கார் அது. அவர் ஏன் அத்தனை சந்தோஷமாகக் கை குலுக்கிவிட்டுப் போனார் என்பது எங்களுக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது.

அப்பா பெரம்பூர் ரயில் பட்டறையில் பாய்லர் பிரிவில் வேலை செய்தார். வேலை செய்தார் என்பதைவிட, உலகத்தில் உள்ள பாய்லர்கள் எல்லாம் தன்னைக் கேட்டுத்தான் கொதிக்கின்றன என்று நம்பினார் என்று சொல்லலாம். அம்மா கோபித்துக்கொண்டால், "உங்கம்மாவுக்கு பிரஷர் ஏறிகினு கீது, கொஞ்ச நேரம் கிட்ட போவாத" என்பார். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அவருக்கு அது பாய்லர் சமாசாரம்தான். தப்பு என்ற சொல் அவருக்கு நன்றாகவே தெரியும். அது மற்றவர்கள் செய்வது.

கார் ஓட ஆரம்பித்த புதிதில் ஒருநாள் ரேடியேட்டர் மூடியின் அடியிலிருந்து 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. அப்பா முகம் மாறிவிட்டது. உள்ளே நீராவி அடைபட்டுக் கிடக்கிறது, இப்படியே விட்டால் பாய்லர் மாதிரி வெடித்துவிடும் என்றார். மறுநாள் அந்த மூடியைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய், நடுவில் அழகாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆவி போவதற்கு வழி வைத்துவிட்டாராம். சந்து முழுவதும் அந்த மூடியைக் கொண்டுபோய்க் காட்டினார். குழந்தைக்குக் காது குத்திக்கொண்டு வந்த தகப்பன்கூட அத்தனை பெருமைப்பட்டிருக்க மாட்டான்.

அதிலிருந்து எங்கள் கார் வெடிக்கவே இல்லை. ஓடவும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் தண்ணீர் கொதித்து, அந்த ஓட்டை வழியாக ஆவி பீறிட்டு, ரயில் இஞ்சின் மாதிரி விசிலடிக்கும். அப்பா வண்டியை ஓரங்கட்டி, தகர டின்னை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போவார். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எந்தெந்த வீட்டில் கிணறு இருக்கிறது, எந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பதெல்லாம் எங்கள் குடும்பத்துக்கு அத்துப்படி. தெருப் பையன்கள் விசில் கேட்டதுமே, "பெரம்பூர் பாசஞ்சர் வருதுடோய்!" என்று கத்துவார்கள். அப்பா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

என் மாமா, அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் லாரி ஓட்டினார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, அடக்கமாட்டாமல் சிரித்தார்.

"இன்னா மச்சான் இது? மூடி இறுக்கமா இருந்தாத்தான் உள்ள தண்ணி லேசுல கொதிக்காது. ஆவி உள்ளயே அழுத்திகினு இர்க்கணும். நீ ஓட்ட போட்டு தொறந்து வுட்டா, கொதிச்சி மேல வராம இன்னா செய்யும்? வேற மூடி மாட்டு, எல்லாம் சரியாப்பூடும்."

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "லாரி ஓட்றவன் பாய்லர்காரனுக்கு ஆவியப் பத்தி சொல்லிக் குடுக்கற காலமாப் போச்சி. மூடி இல்லடா பேஜாரு. இந்த ஊர் தண்ணி சரியில்ல. உப்பு தண்ணி."

தண்ணீருக்கு அடுத்து வெயில் காரணமாயிற்று. வெயிலுக்கு அடுத்து பெட்ரோல். பெட்ரோலுக்கு அடுத்து, முன் ஸீட்டில் உட்காரும் அம்மாவின் எடை. அன்று சமையலறையில் பாத்திரங்கள் விழுந்த சத்தத்தைக் கேட்டிருந்தால் பிரஷர் என்பது என்ன என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். மாமா மட்டும் தளராமல் புது மூடி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அப்பா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் என் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை எண்ணூர்க்காரர். கப்பலில், இஞ்சின் ரூமில் வேலை. அப்பாவுக்கு அது போதும். பெண் பார்க்க வந்த அன்று இரண்டு பேரும் பாய்லரைப் பற்றிப் பேசினார்கள், நான் காப்பி டம்ளரோடு நின்றேன். பிறகு அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டை போட்ட மூடியைக் காட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல வேல மாமா" என்றார். இஞ்சின் ரூமில் வேலை செய்கிறவருக்கு ஓட்டைதான் கோளாறு என்று தெரியாமல் இருக்குமா? சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தார். பெண் வேண்டும் என்பதற்காக இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று எனக்கு அவரை ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. ஆனால் நாள்தான் இடித்தது. தவக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. நெற்றியில் சாம்பல் பூசி அது தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அதைத் தவறவிட்டால் ஈஸ்டர் கழித்துத்தான். ஈஸ்டர் வரை காத்திருக்க மாப்பிள்ளை தயார், அவருடைய கப்பல் தயாரில்லை. அடுத்த வாரமே அவர் கப்பலேற வேண்டும். போனால் வருஷக்கணக்கில் ஆகும். அதற்குள் தன் மகனுக்கு வேறு பெண் பார்த்துவிட அவருடைய அம்மா தயாராக இருந்தார். என் வாய் நீளம் என்று அந்த அம்மாவுக்கு யாரோ உண்மையைச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

என்னைப் போலவே கடைசி நாளுக்கு ஓடிவந்த ஜோடிகள் எண்ணூர்க் கோயிலில் வரிசையாக இருந்தார்கள். எங்களுடையதுதான் கடைசிப் பூசை. "பன்னெண்டு மணிக்குக் கதவைச் சாத்திடுவேன். பொண்ணு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி" என்று சாமியார் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர். அவரைக் கண்டால் எண்ணூரில் கொசுகூட நேரத்துக்கு வரும்.

மாமா தன் லாரியில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு முன்னால் போவதாக ஏற்பாடு. என்னையும் அதில் ஏற்றிவிடச் சொல்லி அம்மா மன்றாடினாள். அப்பா கேட்கவில்லை. தன் மகள் தன் காரில்தான் கோயிலுக்குப் போவாள் என்றார். அன்று காலை வாசலில் ஆசீர்வாதம் செய்கிற சாக்கில் மாமா என் கையில் எதையோ அழுத்தினார். அந்தப் புது மூடி.

"உன் பேச்சயாவது உங்க நைனா கேக்கறாரா பாரு கண்ணு" என்று முணுமுணுத்துவிட்டு லாரியில் ஏறினார்.

வெள்ளைச் சேலை, தலையில் வலை, கையில் பூச்செண்டு. பூச்செண்டுக்குள் ரேடியேட்டர் மூடி. என்னை மாதிரி ஒரு மணப்பெண்ணை அந்தக் கோயில் அதற்கு முன்னும் பார்த்திருக்காது, பின்னும் பார்த்திருக்காது.

தண்டையார்பேட்டையில் முதல் விசில். அப்பா எதிர்பார்த்ததுதான், டின்னில் தண்ணீர் வைத்திருந்தார். திருவொற்றியூரில் இரண்டாவது. கல்யாணத்துக்காகத் தைத்த கோட்டோடு அப்பா ஒரு வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்தினார். எர்ணாவூரைத் தாண்டியதும் வண்டி மூன்றாவது முறையாக விசிலடித்து, ஆவியை ஒரு மேகம் போலக் கக்கிவிட்டு நின்றது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தொழிற்சாலை மதில். இத்தனை தண்ணீர் பக்கத்தில் இருந்தும் ஒரு சொட்டுகூட ஊற்றுவதற்கு உதவாது.

"இந்த காத்து சரியில்ல. கடல் காத்து" என்றார் அப்பா.

அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, "மாதாவே, இந்த மனுசனுக்கு ஒரு தபா புத்தியக் குடு. ஒரே தபா போதும்" என்று உரக்க வேண்டிக்கொண்டாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அதுவரை கேலியாக இருந்ததெல்லாம் சட்டென்று கேலியாக இல்லை. கதவைச் சாத்தும் சாமியார், வேறு பெண் பார்க்கப் போகிற மாமியார், அப்புறம் லேசாகச் சிரித்த அந்த முகம். நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். பூச்செண்டிலிருந்து மூடியை எடுத்து அப்பாவின் முன்னால் நீட்டினேன்.

"நைனா, இத மாட்டு. இல்லாட்டி நான் நடக்கறேன். பஸ்சு வந்தா கைகாட்டி ஏறிகினு பூடுவேன்."

"இன்னாமே பேசற? கல்யாணப் பொண்ணு பஸ்ஸுல போறதா?"

நான் மூடியை அவர் கையில் திணித்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். தகர டின்னையும் எடுத்துக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் ஒரு குப்பத்துக் குழாயில் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். வலை போட்ட மணப்பெண் டின்னோடு வருவதைப் பார்த்ததும் அவர்களுடைய சண்டைகூட நின்றுவிட்டது.

"இன்னாமே, தாலி கட்டறதுக்கு முன்னியே உன்ன தண்ணிக்கி அனுப்பிட்டாங்களா?" என்றாள் ஒருத்தி.

"அடியே, பொண்ணுக்கு வழி வுடுங்கடி. நேரத்தோட போவட்டும்" என்று இன்னொருத்தி தன் குடத்தைத் தள்ளிவிட்டு என் டின்னைக் குழாயடியில் வைத்தாள். டின் நிறைந்ததும் அவளே தூக்கிக்கொண்டு கார்வரை வந்தாள். என் சேலையில் ஒரு துளி படவிடவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா கோட்டைக் கழற்றி, அதைக் கையில் சுற்றிக்கொண்டு, சூட்டோடு பழைய மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கொஞ்சம் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி, புது மூடியை வைத்து இறுக்கினார்.

"ட்ரையலுக்குத்தான்" என்றார்.

ட்ரையல் வண்டி எண்ணூர்க் கோயில் வரை ஒரு முனகல்கூட இல்லாமல் போயிற்று. சாமியார் ஒரு கையைக் கதவிலேயே வைத்திருந்தார். மாப்பிள்ளை வாசல்படியில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி ஏறி, பூசையும் முடிந்ததும் மாமா அப்பாவிடம் வந்து, "மூடி எப்டி மச்சான்?" என்று கேட்டார். "எல்லாம் தண்ணிதான் காரணம். குப்பத்து தண்ணி நல்ல தண்ணி" என்றார் அப்பா.

செவ்வாய்க்கிழமை பிரியாணி, புதன்கிழமை கஞ்சி. கல்யாணத்துக்கு மறுநாளே புதுப்பெண் நெற்றியில் சாம்பல். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புகுந்த வீடு மொத்தமே ஓர் அறையும் ஒரு கூடமும். கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் தவக்காலம் முழுவதும் தங்கி ஜெபிக்கப் போகிறவர்கள் போலப் பாயை விரித்துவிட்டார்கள். அந்த ஒரு வாரமும் நானும் என் வீட்டுக்காரரும் பேசியதெல்லாம் "சோறு போடட்டுமா", "போதும்" என்பதுதான். சாமியாரும் கப்பலும் மாமியாரும் தடுக்க முடியாத கல்யாணத்தை ஒரு பெரியத்தையின் குறட்டை தடுத்துக்கொண்டிருந்தது.

கப்பலேறும் நாளில் எங்களை ஏற்றிப்போக அப்பா காரோடு எண்ணூருக்கு வந்தார். ரொம்ப முன்னதாகவே வந்துவிட்டார். கூட வரக் கிளம்பிய பெரியத்தையைப் பார்த்து, "வண்டி தாங்காது" என்று ஒரே வார்த்தையில் உட்காரவைத்துவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் பின்னால் உட்கார்ந்தோம், நடுவில் அவருடைய டிரங்குப் பெட்டி. கடலோரச் சாலையில் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். விசில் அடித்தது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அந்த ஒரு வாரமாகப் புது மூடியோடு ஒழுங்காக ஓடிய வண்டி அது. அப்பா இறங்கி பானெட்டைத் தூக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். பழைய மூடி. நடுவில் அதே அழகான ஓட்டை.

"நைனா!" என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் டின்னை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். சாலைக்கு எதிரிலேயே ஒரு குழாய் இருந்தது, தண்ணீர் கொட்டிக்கொண்டும் இருந்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டினார். அடுத்த குழாயையும் தாண்டினார். தண்ணீர் என்றால் ஓடுகிற மனிதர், கையை வீசிக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு, வெகு தூரம் போனார்.

தூக்கிய பானெட் முன் கண்ணாடியை மறைத்து நின்றது. என் வீட்டுக்காரர் டிரங்குப் பெட்டியைத் தூக்கி முன் ஸீட்டில் வைத்தார். பிறகு நாங்கள் பேசினோம். கல்யாணம் ஆனதிலிருந்து முதல் முறையாக. என்ன பேசினோம் என்பதை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. நான் அழுதேன் என்பதை மட்டும் வேண்டுமானால் சொல்கிறேன். கப்பல் கிளம்பாமல் போகட்டும், இந்தக் கார் சாயங்காலம் வரை கொதித்துக்கொண்டே இருக்கட்டும் என்று மாதாவிடம் கேட்டேன்.

அப்பா வந்தார். கொஞ்ச தூரத்திலேயே சத்தமாக இருமினார். பிறகும் மெதுவாகத்தான் வந்தார். தண்ணீர் ஊற்றினார். சட்டைப்பையிலிருந்து புது மூடியை எடுத்து, வேட்டியில் துடைத்து, வைத்து இறுக்கினார். என் சிவந்த கண்ணைப் பார்க்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசினார்.

"மூடி மாறிப் போச்சி பாப்பா. என் தப்புதான்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அவர் செய்த தப்புகள் எத்தனையோ இருக்க, செய்யாத ஒன்றுக்குப் போய் அதைச் செலவழித்தார். துறைமுகம் வரை வண்டி எங்கும் நிற்காமல் போயிற்று.