ஏலக்கார அக்காவின் இருமல்

செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை விரலால் அமுக்கி, "நேத்து மீனை இன்னிக்குன்னு என் தலையில கட்டப் பாக்குறியா?" என்று படகுக்காரரை ஓர் அதட்டு அதட்டிய பிறகுதான் அக்கா ஏலத்தைத் தொடங்குவார். மீன் சந்தையில் எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிட மூத்தவர்களுக்கும். அவர் வாயில் விலை ஏறும் வேகத்துக்கு, கண்ணிமைத்த வியாபாரி மீனைக் கோட்டைவிட்டுவிடுவார்.

அந்தக் குரலுக்குத்தான் ஆபத்து வந்தது. விலை சூடுபிடிக்கும் நேரம் பார்த்து இருமல் குறுக்கே விழுந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. "தொண்டைக்குள்ள யாரோ இறகை விட்டுக் குடையுற மாதிரி இருக்கு" என்பார். ஐஸ் காற்று என்றார்கள், வயசு என்றார்கள். சந்தை வியாபாரிகள் சங்கத் தலைவர், "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க, உங்க கொழுந்தன் கூவட்டும்" என்றார்.

"அவன் கூவினா செத்த மீனே எழுந்து ஓடிடும்" என்று அக்கா சிரித்தார். அன்று அவர் சாப்பிடவே இல்லை என்று கணவர் பிறகு, சந்தையில் கணக்கெழுதும் என்னிடம் சொன்னார்.

இருமல் மருந்து எதற்கும் அது அசையவில்லை. ஒருநாள் மாத்திரையைக் கையில் வைத்தபடி அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏங்க, பிரஷருக்கு இந்த மாத்திரை ஆரம்பிச்ச அப்புறம்தானே இருமலே வந்துச்சு?"

"அப்போ தூக்கிப் போடு" என்றார் கணவர்.

"போட்டா பிரஷர் ஏறிடும். அப்புறம் என்னையே ஏலம் விட வேண்டியதுதான். டாக்டரையே கேட்டுடுவோம்."

டாக்டர் நெஞ்சைச் சோதித்தார், எக்ஸ்ரே பார்த்தார். "சரியாப் பிடிச்சீங்கம்மா. இந்த வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். வேற எழுதித் தரேன். அடங்கச் சில வாரம் ஆகலாம், பொறுத்துக்கணும்."

பொறுத்துக்கொள்வது அக்காவுக்குப் பழக்கமில்லாத வேலை. கொழுந்தன் கூவ, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றார். இருமல் மெல்ல மெல்ல விலகியது. பிரஷரும் கட்டுக்குள்தான் நின்றது.

இன்று ஆள் நீளத்துக்கு ஒரு சூரை மீன் வந்திறங்கியது. கொழுந்தன் தானாகவே ஒதுங்கினார். "அண்ணி, இது உங்க மீன்."

அக்கா கூவினார். இரண்டு வியாபாரிகள் விடாமல் மோதினார்கள். பிசிறே இல்லாத அந்தக் குரல் அவர்களை மேலே மேலே துரத்தியது. இருமல் வந்து விழும் இடமெல்லாம் தாண்டிப் போயிற்று. "மூணு தரம்!" சந்தையே கைதட்டியது. சங்கத் தலைவர் விசிலே அடித்துவிட்டார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பெட்டியைக் காலால் முன்னே தள்ளினார்.