வெண்கலத்துக்கு வந்த காய்ச்சல்

வெண்கலம் என்று அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அவருடைய குரல்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் எல்லாருக்கும் எப்போதோ மறந்துபோயிற்று. வாரநாட்களில் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அறிவிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கால்பந்து மைதானத்தில் மைக்கைப் பிடித்துவிடுவார். பந்து கோலுக்குப் பக்கத்தில் போனாலே போதும், அவர் போடுகிற கூச்சலில் தூங்குகிறவனும் எழுந்து கைதட்டுவான்.

அந்த வருடம் அவர்கள் ஊர் அணி முதன்முறையாக இறுதிப்போட்டிக்கு வந்திருந்தது. கோல்கீப்பர் யார்? மனைவியின் சொந்தத் தம்பி! கேட்க வேண்டுமா? மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் காலையில் மைதானத்துக்குப் போய்ப் பயிற்சியைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

அப்போது பார்த்துக் காய்ச்சல் ஆளை அடித்துப் போட்டது.

“கண்ணுக்குப் பின்னாடி யாரோ ஆணி அடிக்கிறாங்கடி. எலும்பையெல்லாம் கழட்டி மாட்டின மாதிரி இருக்கு. வலி மாத்திரை ரெண்டு போட்டா சரியாயிடும்.”

“நீங்க எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சீங்க? கிளம்புங்க,” என்றாள் மனைவி.

டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். “நேத்துதானே காய்ச்சல் ஆரம்பிச்சுது? இப்பவே வைரஸைத் தேடுற டெஸ்ட் இருக்கு. அதுல தெரிஞ்சிடும். உடம்போட எதிர்ப்பைப் பார்க்கிற டெஸ்ட் இன்னும் சில நாள் போனாத்தான் பேசும்.”

முடிவு வந்தது. டெங்கு.

“பாராசிட்டமால் மட்டும்தான். வேற வலி மாத்திரை தொடவே கூடாது, ரத்தக்கசிவு வரும். தண்ணி, ஜூஸ், கஞ்சி நிறையக் குடிங்க. தினமும் ரத்தத்தைப் பார்க்கணும். இன்னொண்ணு, காய்ச்சல் விட்டதும் ஆட்டம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. நிஜமான ஆபத்து அப்பதான். வயித்துவலி, ஓயாத வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லுனு ஆகுறது, எது வந்தாலும் ஓடி வந்துடணும்.”

வெண்கலம் தலையை ஆட்டினார். காதில் வாங்கியது மனைவிதான்.

இறுதிப்போட்டி அன்று காலை உடம்பைத் தொட்டால் சூடே இல்லை! துள்ளி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். மனைவி வாசலை மறித்தாள். மாப்பிள்ளை பந்தைப் பிடிப்பதை மச்சான் சொல்லாமல் வேறு எவன் சொல்வது என்று குழந்தை மாதிரி அடம். “சரி. ஆனா நானும் வர்றேன்,” என்று அவளும் கிளம்பினாள்.

முதல் பாதியில் வெண்கலம் வெண்கலமாகத்தான் ஒலித்தது. “போறான்... போறான்... ஐயோ, கம்பத்துல பட்டுடுச்சு!” மைதானமே அதிர்ந்தது. திடீரென்று ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. மேடைக்குக் கீழே நின்றிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தார். வாயைத் துடைத்த கைக்குட்டையில் சிவப்பு. ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

“இடைவேளை வரைக்கும்...”

“பேசாம வாங்க!”

ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிளேட்லெட் மடமடவென்று இறங்கியிருந்தது, ரத்தமும் நீர் குறைந்து கெட்டிப்பட்டிருந்தது. “நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க. ஆட்டம் முடியட்டும்னு இருந்திருந்தா என்ன ஆயிருக்குமோ,” என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா சலைன் ஏற்ற வைத்தார்.

அந்த நிலையிலும் மனிதர் போனை வாங்கி, மைதானத்தில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டு வர்ணனையைக் கேட்டார். மைதானத்தில் மைக் இப்போது அணிக்குச் சட்டை தைத்துக் கொடுத்த தையற்காரரிடம். “பெனால்டியாம்! அடிக்கப் போறான்... அடிச்சுட்டான்... உள்ள போச்சு! இல்ல, இருங்க... நம்ம பையன் பிடிச்சுட்டான் போல இருக்கே!”

“போல இருக்காம்! இவனை யாரு மைக்கைத் தொடச் சொன்னது?” என்று கத்தினார் வெண்கலம். பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துவிட்டார். அணி ஒரு கோலில் ஜெயித்தது.

அடுத்த நாள் பதக்கத்தோடு வந்தான் மைத்துனன். முகத்தில் பாதிச் சிரிப்புதான். “மச்சான், நம்ம டீம்ல இன்னும் ரெண்டு பேர் காய்ச்சல்ல படுத்துட்டாங்க.”

பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா திரும்பினார். “எல்லாரும் காலையில ஒரே இடத்துலயா இருப்பீங்க? இந்தக் கொசு பகல்லதான் கடிக்கும். சுத்தமான தண்ணி கொஞ்சம் தேங்கினாலே அதுக்குப் போதும்.”

மைத்துனன் நெற்றியில் அடித்துக்கொண்டான். தாண்டிக் குதித்துப் பயிற்சி எடுக்க மைதானத்தில் பழைய டயர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர். அன்றைக்கே ஓடிப்போய்ப் பார்த்தால் தண்ணீருக்குள் கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அப்போதே எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டினான்.

பிளேட்லெட் ஏறி வெண்கலம் வீடு திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்த அணியும் மைதானத்தில் கூடியது. கொசு முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று டயரின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிற்காதபடி ஓட்டை போட்டார்கள். வெண்கலத்தின் குரல் இன்னும் பாதிதான் திரும்பியிருந்தது. இருந்தாலும் மைக்கைப் பிடித்துவிட்டார். “கோல்கீப்பர் தூக்குறாரு... கவுக்குறாரு... கொசுப் படை சிதறி ஓடுது!”

“போதும் போதும்,” என்று மைக்கைப் பிடுங்கினாள் மனைவி. “டாக்டர் அலட்டிக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. உக்காந்து இந்த ஜூஸைக் குடிங்க.”