கறுப்பு காண்டசாவை யார் ஓட்டுவது?

காலை ஆறு மணி பத்து நிமிடம். நண்பன் ராஜன் வீட்டு மாடி அறையின் ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது பூப்போட்ட படுக்கை விரிப்பு. நான்கு விரிப்புகளைச் சேர்த்துத் தைத்து, முற்றத்தில் நின்ற ஒரு காரின்மேல் போர்த்தியிருந்தார்கள். பனியனும் கைலியுமாக ராஜன் வந்தான். வலது கையால் மட்டும் விரிப்பை மெதுவாக இழுத்தான். உள்ளே கறுப்பு காண்டசா. ஏறி உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டான். கார் நகரவில்லை. எதிரே இருந்த மதில்சுவரைப் பார்த்தபடி சிறிது நேரம் இருந்தான். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். அவன் மனைவி எஸ்தர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, விரிப்பைத் திரும்பவும் போர்த்தினான்.

நான் குடியிருப்பது ஸ்காட்லாந்தில், டண்டீ நகரத்தில். என் மனைவி அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியர். நான் நாகர்கோவிலில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். இப்போது ஒரு கிடங்கில் பொருள்களைச் சரிபார்க்கிறேன். டண்டீயில் யாரும் காருக்குப் போர்வை போர்த்துவதில்லை. தெருவோரத்தில் நிற்கும். பனி விழுந்தால் பனியோடு, கடற்பறவை எச்சமிட்டால் எச்சத்தோடு. போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியும் துணியுமாக என் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மார்கரெட் நின்று, "விற்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால், யாராவது இறந்துவிட்டார்களா?" என்றார். சும்மா துடைக்கிறேன் என்றேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. மாலையில் ஒரு கேக்கோடு வந்து என் மனைவியிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

ராஜனும் மணியும் நானும் தக்கலையில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். சனிக்கிழமைகளில் குலசேகரத்து ரப்பர் எஸ்டேட் முதலாளி ஒருவர் தக்கலைக்கு வருவார். காரை டிரைவரிடம் விட்டுவிட்டு அவர் துணிக்கடைக்குள் போனதும் நாங்கள் அதைச் சுற்றிக்கொள்வோம். அது இந்தக் காண்டசாதான். இதைப் போன்ற இன்னொன்றை எங்கள் வட்டாரத்தில் அப்போது யாரும் பார்த்ததில்லை. எனக்கென்னவோ ஊர் டாக்டரின் பத்மினிமேல்தான் ஆசை. அதில் கியர் ஸ்டியரிங்கின் கழுத்தில் இருக்கும். டாக்டர் கியர் மாற்றுவதைப் பார்த்தால் யாரோடோ கைகுலுக்குவதுபோல இருக்கும். மணிக்கு அவன் மாமாவின் வாடகை அம்பாசிடர் போதும். முன்னால் சின்ன விசிறி, பின் கண்ணாடிக்குத் திரைச்சீலை. ராஜன் மட்டும் காண்டசாவை விட்டு நகரமாட்டான்.

அவன் பிறகு குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரி ஆனான்; வீடு அங்கிருந்து சில மைல் தள்ளி. எஸ்டேட் முதலாளி இறந்து, பிள்ளைகளும் வெளியூர் போன பின், ஷீட்டுகளை உலர்த்தும் புகைப்புரைக்குப் பக்கத்தில் கார் வருடக்கணக்கில் நின்றது. ராஜன் அதை வாங்கி, மார்த்தாண்டத்து மெக்கானிக் ஒருவரிடம் விட்டு, திருகாணி திருகாணியாகச் சரிசெய்தான். மழை நாளில் இருக்கைகளிலிருந்து இப்போதும் புகைவாசம் வரும். வண்டி தயாராகி வீட்டுக்கு வந்த மாதத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. நடக்கிறான், பேசுகிறான், கணக்கு பார்க்கிறான். இடது கை மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. நம் ஊர்க் காரில் கியர் போடுவது இடது கையால்.

அவன் மகள் ஜெபாவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். அன்று அவள் இந்தக் காரில் போய் ஆலய வாசலில் இறங்க வேண்டும் என்பது ராஜனின் ஆசை. அவன் வேறெதையும் கேட்கவில்லை. பந்தலையும் பிரியாணியையும் மற்றவர்களிடம் விட்டுவிட்டான். காரை ஓட்ட ஆள் வேண்டும். கூலி டிரைவரிடம் சாவியைத் தர அவனுக்கு மனமில்லை. அதற்காகவே என்னை ஒரு வாரம் முன்னதாக வரச் சொல்லியிருந்தான்.

புதன்கிழமை காலை மணி வந்தான். தக்கலையில் இரும்புக்கடை வைத்திருப்பவன். பெரிய வெள்ளைக் காரிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்தான்.

"மக்கா, ஸ்காட்லாந்துல என்ன வண்டி வச்சிருக்கே? குரூப்புல ஒரு போட்டோ போட்டியே, வெள்ளி நெறத்துல ஒரு டப்பா, அதா?"

"அதேதான்."

"அதுக்கா இங்கேருந்து பிளேன் ஏறிப் போனே? இங்கயே கெடந்திருந்தா நான் இதவிட நல்லதா ஒண்ணு பாத்துத் தந்திருப்பேன்."

"இவன் வண்டியக் கேளு," என்றான் ராஜன். "பெல்ட் போடல்லன்னா அது சத்தம் போடுமாம். கடையில வெறும் கொளுத்து வாங்கிச் சொருகி வச்சிருக்கான், கேட்டியா."

"பின்னே? வீட்டுல ஒருத்தி சொல்லியது போதாதா? வண்டியும் சொல்லணுமா?"

தேநீர் வந்தது. பேச்சு பழைய சனிக்கிழமைகளுக்குப் போனது.

"ஓர்ம இருக்கா, இந்த வண்டிக் கண்ணாடியப் பாத்து மணி தல சீவினது?" என்றான் ராஜன். "டிரைவர் எறங்கி வந்து ஒண்ணு குடுத்தாரு."

"அடிக்கல்லடே. சீப்பப் புடுங்கி அவரு சீவினாரு. திருப்பித் தரவும் இல்ல."

நான் ஓட்டுவது என்பது அன்றே முடிவாயிற்று. மணி தானே ஓட்டுவதாகச் சொல்லிப் பார்த்தான். "நீ ஓட்டுனா சிமென்டு மூட்டய எறக்குன மாதிரி எம் புள்ளய எறக்குவே," என்றான் ராஜன். "பிரபா ஓட்டட்டும். அங்க ஓட்டிப் பழகினவன். ஹாரன் அடிக்கமாட்டான். வெப்ராளப்பட்டு அவசரப்பட மாட்டான்."

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஜெபா தன்னுடைய சிறிய சிவப்புக் காரைப் பின்னால் எடுத்து, காண்டசாவில் உரசாமல், மணியின் காரிலும் உரசாமல் வாசலைக் கடந்தாள். மார்த்தாண்டத்தில் தையற்காரரிடம் போகிறாள் என்று எஸ்தர் சொன்னாள். ஜெபா அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். தினமும் போய்வருகிற சாலை. மணி நீட்டியிருந்த காலை நகர்த்திக்கொண்டு அவளுக்கு வழிவிட்டிருந்தான்.

வியாழக்கிழமை காலை ஒத்திகை. எனக்குப் பக்கத்தில் ராஜன்; பின்னால் மணி. குலசேகரம் போகும் சாலையில் எடுத்தேன். ஸ்டியரிங் கனமாக இருந்தது, கிளட்ச் அதைவிட. இருந்தாலும் வண்டி சொன்னபடி போனது. நான் கியர் மாற்றும்போதெல்லாம் ராஜனின் கால் இல்லாத கிளட்சை மிதித்தது. "வண்டி கொள்ளாம்," என்று மணி இரண்டு மூன்று தடவை மெச்சினான். கிளைச்சாலை ஒன்றில் திரும்பினோம். பாசனச் சானலின் குறுக்கே ஒரு குறுகிய பாலம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். எதிர்ப்பக்கம் ரப்பர் தடி ஏற்றிய லாரி ஒன்று வந்தது. பாலத்துக்கு அப்பால் இருந்தபடி முகப்பு விளக்கை இரண்டு முறை அடித்தது. நன்றி சொல்லக் கையை உயர்த்தினேன். பாலத்தில் ஏறினேன். லாரியும் ஏறியது.

எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கை ராஜன் வலது கையால் இழுத்தான். லாரியும் கிறீச்சிட்டு நின்றது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கலாம்.

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஓய், லைட்டு அடிச்சது காணல்லியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா வந்தீரு?"

"பாத்ததாலதான் வந்தேன்."

அவர் ராஜனைப் பார்த்து, "ஆளுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"வெளிநாடு, அண்ணேன்," என்றான் மணி பின்னாலிருந்து.

அது ஒரு நோயின் பெயர்போல லாரி டிரைவருக்குப் போதுமானதாக இருந்தது. பின்வாங்க அவரே ஒத்துக்கொண்டார்.

என் பழைய பத்திரிகையில் இது செய்தியாகாது, யாருக்கும் காயமில்லை. ஆனால் இதை வாசிக்கும், வெளிநாட்டில் வாழும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். டண்டீக்குப் போன புதிதில், இருபுறமும் கார்கள் நிற்கும் எங்கள் ஒடுங்கிய தெருவில் மார்கரெட் எதிரே வந்தார். விளக்கை அடித்தார். ஊர் வழக்கப்படி அதற்கு ஒரே பொருள்தான்: நான் வருகிறேன், நீ நில். நான் நின்றேன். அவர் மறுபடி அடித்தார். கோபத்தில் இருக்கிறார் போலும் என்று தெருமுனைவரை வண்டியைப் பின்னோக்கி எடுத்து ஒதுங்கினேன். மாலையில் கதவைத் தட்டினார். "நான் உங்களை ஏதாவது புண்படுத்திவிட்டேனா?" என்றார். "இல்லையே, நீங்கள் வருவதாகச் சொன்னீர்கள், வழிவிட்டேன்" என்றேன். "நான் உங்களை வரச் சொன்னேன்," என்றார் அவர். அந்த நாட்டில் விளக்கை அடித்தால், நான் நிற்கிறேன், நீங்கள் வாருங்கள் என்று பொருள். அதற்குக் கையை உயர்த்தி நன்றி சொல்ல வேண்டும். பழகிக்கொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆயிற்று.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே சாலையின் வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். ஊரில் வண்டியைத் தொட்ட உடனேயே எல்லாம் மாறியிருப்பது தெரிந்து எச்சரிக்கையாகிவிடுவார்கள். பிரிட்டனிலிருந்து வருகிற எங்களுக்கு அந்த உதவி இல்லை. அதே இடப்பக்கம், அதே வலப்பக்க ஸ்டியரிங், அதே விளக்கு. எதுவும் மாறாததுபோல இருக்கும். விளக்கின் பழைய பொருளையும் புதிய பொருளையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்திருந்தேன். பாலத்தில் பார்த்தபோது புதியது ஒன்றுதான் இருந்தது.

"மணி, நீ எடு," என்றான் ராஜன். இடம் மாறினோம். மணியின் வெள்ளைக் காரில் கிளட்ச் கிடையாது. பல வருடங்களாக அதைத்தான் ஓட்டுகிறான். காண்டசா அவன் கையில் நாலைந்து இடத்தில் குதித்து நின்றது. வீட்டு வாசலில் இறங்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"ஒனக்குக் கையி போச்சு. எனக்குக் காலு மறந்து போச்சு. இவனுக்குக் கண்ணு வெளிநாடு போச்சு. மூணு பேரயும் சேத்து உருட்டுனா ஒரு டிரைவர் தேறுவான்."

ராஜன் சிரிக்கவில்லை. மாலையில் அவனே என்னிடம் வந்தான். "ஒம்மேல தப்பில்ல மக்கா. லைட்டு அடிச்சா நிக்கணும்னு ஒனக்குத் தோணல்ல. தோணாத ஆளுகிட்ட புள்ளயக் குடுத்து விட எனக்குப் பயமா இருக்கு." வாக்கியங்களைச் சுருக்கிப் பிழைத்தவன் நான். அவன் சொன்னதில் எடுக்க ஒரு சொல்லும் இல்லை. அவன் மார்த்தாண்டத்துக்கு போன் செய்து வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார் சொன்னான். காண்டசா வீட்டிலேயே நிற்கட்டும் என்று எஸ்தரிடம் சொன்னான். வெள்ளிக்கிழமை முழுவதும் கல்யாண வேலைகள். ராஜன் எங்களோடுதான் இருந்தான். யாரும் கார்களைப் பற்றிப் பேசவில்லை. அன்று காலை அவன் விரிப்பை எடுக்கவும் இல்லை, எஞ்சினை ஓடவிடவும் இல்லை.

சனிக்கிழமை காலை வாடகைக் கார் பூ ஒட்டிக்கொண்டு வந்து நின்றது. ஜெபா வெள்ளைப் பட்டுப் புடவையும் தலையில் வலைபோன்ற நெட்டும் கையில் பூச்செண்டுமாக வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். போட்டோக்காரர் படியில் அவளை நிற்கச் சொன்னார். அவள் நிற்காமல் நேரே வந்து அப்பாவிடம் கையை நீட்டினாள்.

"சாவி தாங்கப்பா."

"எதுக்கு?"

"காண்டசா நான் ஓட்டுதேன்."

ராஜனின் அக்கா குறுக்கே வந்தார். "கல்யாணப் பொண்ணா வண்டி ஓட்டுவா? சபையில பாத்தா என்ன சொல்லுவாவ?"

"அத்தே, டெய்லி மார்த்தாண்டம் ஓட்டிட்டுப் போறேன். அப்பம் யாரும் ஒண்ணும் சொல்லல்லியே."

"அது வேற, பிள்ளே. இது கிளட்ச் கட்டி, மிதிக்கக் கஷ்டம்," என்றான் ராஜன்.

"தெரியும். நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்போ பேட்டரி எறங்காம யாரு பாத்தா? ரெண்டு வாட்டி கொலசேகரம் வர கொண்டு போயிட்டு வந்தேன்."

ராஜன் எஸ்தரைப் பார்த்தான். எஸ்தர் வாடகைக் காரின் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எங்கிட்ட யாரும் சொல்லல்லியே," என்றான்.

"எங்கிட்ட யாரும் கேக்கல்லியே, அப்பா. மூணு பேரும் ரெண்டு நாளா நீ ஓட்டுதியா நான் ஓட்டட்டான்னு இருந்தீங்க."

ராஜன் குனிந்து மகளின் காலைப் பார்த்தான். உயரமான குதிகால் செருப்பு. சட்டைப் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தான்.

"அதக் கழத்திப் போட்டுட்டு ஓட்டு," என்றான்.

மணியும் நானும் விரிப்பை இழுத்தோம். வாடகைக் காரின் பூவில் பாதியை மணி பிய்த்துக்கொண்டு வந்து காண்டசாவின் முன்னால் கட்டினான். ஜெபா நெட்டைச் சுருட்டித் தோளுக்குப் பின்னால் போட்டாள். ராஜன் அவளுக்குப் பக்கத்தில் ஏறினான். "பிரபா மாமா, நீங்க பின்னால இருங்க. இதப் பிடிங்க," என்று பூச்செண்டைத் தந்தாள். பிறகு செருப்பையும் கழற்றித் தந்தாள். மணி எஸ்தரோடும் ராஜனின் அக்காவோடும் வாடகைக் காரில் வந்தான்.

முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போனது எனக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் ஹாரன் அடித்தாள். ராஜன் வலது கையை மார்பின் குறுக்கே ஜன்னலுக்கு நீட்டி, தெருவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டே வந்தான். ஆலயத்துக்குத் திரும்பும் முக்கில் எதிரே ஒரு பேருந்து வந்தது. விளக்கை அடித்தது. ஜெபா வேகத்தைக் குறைக்காமல் பதிலுக்கு இரண்டு முறை அடித்தாள். பேருந்து நின்றது.

அதைக் கடக்கும்போது நன்றி சொல்ல என் வலது கை உயர்ந்தது. அதில் ஜெபாவின் செருப்பு இருந்தது.