மழைக்காட்டைக் கூட்டிய அப்பா

எங்கள் வீட்டில் தாத்தாவிடம் முடியாது என்று சொன்ன முதல் ஆள் அத்தைதான். அப்பாவின் ஒரே தங்கை. அரியலூரில் தாவரவியல் படித்து முடித்த கையோடு, மேற்கு மலையில் மழைக்காடு இருக்கும் ஒரு தேசியப் பூங்காவில் தன்னார்வலராகச் சேரப்போவதாகச் சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தாள். சம்பளம் எவ்வளவு என்று தாத்தா கேட்டார். சம்பளம் கிடையாது, சோறும் தங்க இடமும் மட்டும்தான் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடையார்பாளையம் பக்கம் நமக்கே முந்திரிக்காடு இருக்கிறது, சும்மா உழைக்க அவ்வளவு ஆசையென்றால் அதில் உழைக்கட்டும் என்றார். அத்தை சிரிக்கவில்லை. அடுத்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

சில மாதம் கழித்து ஜெயங்கொண்டத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்தார். சிமெண்ட் ஆலையில் வேலை, கைநிறையச் சம்பளம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் காடு மலை என்று சுற்றக்கூடாது என்பது மட்டும்தான் அவர்கள் வீட்டு நிபந்தனை. அத்தை போனிலேயே முடியாது என்றாள். நேரில் போய் அழைத்து வா என்று தாத்தா அப்பாவை ஏவினார். என்னைத் தூக்கி வளர்த்தவள் அத்தை. என் முகத்தைப் பார்த்தால் இளகிவிடுவாள் என்பது தாத்தாவின் கணக்கு. ஆகவே ஐந்தாம் வகுப்புக்கு லீவு போட்டுவிட்டு நானும் கிளம்பினேன். அத்தையைப் பிடித்து வரும் படையில் நானும் ஒருத்தி என்பதில் எனக்குப் பெருமை வேறு.

அப்பா, தாத்தா முன்னால் உட்கார்ந்துகூடப் பேசாதவர். தாத்தா சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. அதோடு, கண்ணில் பட்ட வேலையைச் செய்யாமல் சும்மா இருக்கவும் அவருக்குத் தெரியாது. முந்திரி பழுக்கும் முன்னால் மரத்தடிச் சருகையெல்லாம் கூட்டி வாரிவிட வேண்டும். இல்லாவிட்டால் விழுகிற கொட்டை கண்ணுக்குத் தெரியாது. கூட்டுவதில் அப்பாவை மிஞ்ச எங்கள் ஊரில் ஆளில்லை.

பஸ் மாறி பஸ் மாறி, கடைசியில் ஒரு ஜீப்பில் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். வெயிலில் வளர்ந்த எனக்கு அந்த இடம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பகலிலேயே இருட்டு. எதைத் தொட்டாலும் ஈரம். இறங்கிய உடனே காலில் அட்டை ஏறிவிட்டது. அத்தை முழங்கால் வரை உறை மாட்டிக்கொண்டு, மெலிந்துபோய், ஆனால் வீட்டில் நான் பார்த்தேயிராத சிரிப்போடு வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். ஆனால் இளகவில்லை.

"எனக்கு இங்க வேலை கெடக்குண்ணே. அத வுட்டுட்டு வரமுடியாது."

"அப்புடி என்ன வேலை? காட்டு, பாப்போம்."

ஒரு பெரிய மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே கணுக்கால் முங்கும் அளவுக்குச் சருகு, இடையிடையே சின்னச் சின்னக் குச்சிகள். இந்தக் கயிற்றுக்குள் இருப்பதுதான் தன் பொறுப்பு என்றாள். அதற்கு மேல் சொல்வதற்குள் மழை கொட்டி, மூவரும் ஓடிவந்துவிட்டோம். அப்பா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் முந்திரிக்காட்டில் கூலியாட்களுக்கு இப்படித்தான் பங்கு பிரித்துவிடுவார்கள். அவரவர் பங்கை அவரவர் கூட்ட வேண்டும். தங்கையின் வேலை என்னவென்று அவருக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது.

காலையில் அப்பாவைக் காணோம். தேடிக்கொண்டு போனால், கயிற்றுக்குள் தரை மொட்டையாகக் கிடந்தது. ஓரத்தில் சருகு மலைபோலக் குவிந்திருந்தது. குச்சிகள் அடுப்பெரிக்க ஆகும் என்று கட்டாகக் கட்டித் தனியே வைக்கப்பட்டிருந்தன. களைகூட விடாமல் பிடுங்கியாகிவிட்டது. காலில் அட்டை கடித்த ரத்தம் வழிய, சுள்ளி விளக்குமாற்றோடு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"ஒன் வேலைய முடிச்சிட்டேன் பாப்பா. பைய எடு, கெளம்புவோம்."

அத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா பிடுங்கிப்போட்ட களைதான் அவளுடைய வேலை. அந்தப் பெரிய மரத்தின் விதைகள் சருகுக்குள் விழுந்து முளைத்த கன்றுகள் அவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு, எது பிழைக்கிறது, எது சாகிறது என்று வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கால் வைத்துவிடக் கூடாது என்றுதான் கயிறே கட்டியிருந்தார்கள்.

வனத்துறை அதிகாரி வந்து பார்த்தார். அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. "போதும்மா. உங்க அண்ணன் கூப்பிடத்தானே வந்திருக்காரு, அவரோடயே கெளம்பிடுங்க" என்றார். வந்த காரியம் தானாகவே கைகூடிவிட்டது, அப்பா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரோ விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

அத்தை எழுந்தாள்.

"எங்கப்பா வூட்டுக்கு வான்னு சொல்றாரு, நீங்க வூட்டுக்குப் போன்னு சொல்றீங்க. நான் எங்கயும் போறதா இல்ல சார். உசுரு இருக்குற கன்னுகள நட்டுட்டு, செத்தத எழுதிவச்சிட்டு, மறுபடி மொதல்லேருந்து பாப்பேன். சம்பளமா குடுக்குறீங்க, நிறுத்துறதுக்கு?"

அதிகாரி சருகுக் குவியலை ஒருமுறை பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். "வாருனது நீங்கதானண்ணே? வாங்க, நீங்களே கொட்டுங்க."

அச்சு அசல் தாத்தாவின் குரல். அப்பா மறுபேச்சு பேசவில்லை.

அன்று பகல் முழுக்க மூவரும் சருகு சுமந்தோம். கூடையோடு கவிழ்க்கக் கூடாது, கையால் அள்ளித் தூவ வேண்டும் என்றாள் அத்தை. நான் அலட்சியமாகக் கொட்டிய இடத்தை மறுபடி அள்ளச் சொன்னாள். அப்பா மண்டிபோட்டு, வேர் அறாத கன்றுகளைப் பொறுக்கி விரலால் குழி தோண்டி நட்டார். மத்தியானம் அதிகாரி மூன்று பேருக்கும் சோறு கொடுத்தனுப்பினார். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டோம்.

மறுநாள் ஜீப் வந்து நின்றபோது அப்பா கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அட்டைக்கு உப்பு பத்துதா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். பத்துகிறது என்றாள் அத்தை.

ஊர் திரும்பியபோது வாசலிலேயே தாத்தா காத்திருந்தார். "எங்கடா அவ?"

"அவ பாத்த வேலைய நான் கெடுத்துப்புட்டேங்கப்பா" என்றார் அப்பா. "நான் கூட்டுனத சரிபண்ணவே வருசக்கணக்காவும். அதுவரைக்கும் அவள அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. மாப்ள வூட்டுல வேற எடம் பாத்துக்கச் சொல்லிடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படியும் ஒரு பொய்யா?

"இல்ல தாத்தா! அன்னிக்கு சாயங்காலமே எல்லாத்தையும் சரிபண்ணியாச்சு. நானுந்தான் சருகு அள்ளிப்போட்டேன். அவங்க அத்தைய போகத்தான் சொன்னாங்க!"

தாத்தா அப்பாவை முறைத்தார். வழக்கமாக அந்தப் பார்வைக்கு அப்பாவின் தலை தானாகவே தாழ்ந்துவிடும். அன்று தாழவில்லை. தாத்தாவின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு, எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அவளுக்கு என்னங்கப்பா தெரியும், சின்னப்புள்ள. நான் சொன்னது சொன்னதுதான்."

எனக்கா தெரியாது? ஆரம்பத்திலிருந்து கூடவே நின்று பார்த்தவள் நான். என் நகக்கண்ணில் அந்தக் காட்டு மண் இன்னும் போகவில்லை. இவ்வளவு பெரிய பொய்யையும் சொல்லிவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாரே என்று ஆத்திரம் பொங்கியது. உலகத்திலேயே பெரிய புளுகர் என் அப்பாதான் என்று முடிவுகட்டி, அன்று ராத்திரி அவர் பிசைந்து நீட்டிய சோற்றை வாங்க மாட்டேன் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.