மானேஜர் போட்ட பூட்டு

கால்பந்து கிளப் கூட்டத்தில் பழைய மானேஜர் தங்கையனின் படத்தை மாட்டலாமா என்று பேச்சு வந்தது. யாரோ அந்தக் காலத்துப் பந்தை எடுத்து வைத்தார்கள். தோலில் ஊறிய தேங்காயெண்ணெய் மணம் வந்ததும் நான் எட்டு வயதுக்குப் போய்விட்டேன்.

நெய்யாற்றின்கரையில், தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்ட ஊர்வலம் நடந்த அன்று, பந்துக்கு எண்ணெய் தேய்க்க வரச்சொல்லி, தங்கையன் அணியையே கிளப்புக்குள் வைத்துப் பூட்டினார். கோல்கீப்பரான என் அப்பா ஜன்னல் கம்பியை உலுக்கிக் கத்தினார்.

"நீரெல்லாம் தமிழனா? கதவத் தொறயும் வோய்!"

"கால் ஒடிஞ்சா பின்ன பந்துகளி உண்டா மக்கா?" என்று வெளியே நின்று அழுதார் தங்கையன்.

ஊர்வலம் போனவர்களில் இருவர் தடியடியில் கால் ஒடிந்து திரும்பினார்கள். அப்போதும் ஊர் அவரைத்தான் துரோகி என்றது. மானேஜர் பதவி போயிற்று. அவர் வாசலில் நானும் சாணி எறிந்தேன்.

"படத்தை மாட்டுங்க" என்றேன்.

எண்பது வயதுவரை இரண்டு காலாலும் நடந்த அப்பா, ஒருநாள்கூட தங்கையன் வீட்டுப் பக்கம் நடக்கவில்லை.