ஷர்லி போட்ட சைபர்

சோலையப்பன் கையில் அடி வாங்காத பொருள் அந்தக் குவாரி ஆபீசில் கிடையாது. மேசை, கீபோர்டு, டீ டம்ளர், லாரி டிரைவர்களின் கன்னம், ஒன்றும் தப்பியதில்லை. இலுப்பூரைத் தாண்டி இருக்கிற அந்தக் கல்குவாரிக்கு அவர்தான் மேனேஜர். அவர் எதிரே உட்கார்ந்து நாளெல்லாம் கணினியைத் தட்டுகிறவள் ஷர்லி. பி.காம். படித்தவள். அப்பா போனபிறகு தம்பி ஜெபக்குமாரைத் தோள்மேல் போட்டு வளர்த்தவள். வளர்த்து என்ன பண்ண? அவனும் அதே குவாரியில், இரண்டாம் குழியில் பாறையில் துளை போட வந்து நின்றான்.

“சங்கு ஊதுறதுக்கு முன்னாடி ஏறி வர கொஞ்சம் டைம் குடுங்க சார்” என்று அவன் ஒருநாள் கேட்டான். அக்காள் கண்ணெதிரே விழுந்தது அறை. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வடிந்தது. ஷர்லி பல்லைக் கடித்துக்கொண்டு டைப் அடித்தாள். இருவர் சம்பளமும் அந்த ஆளின் கையில் இருந்ததே!

அங்கே வெடி வைப்பதற்கு ஒரு முறை உண்டு. வெடி நேரத்தில் எல்லார் போனும் அணைந்திருக்கும். குழிக்குள் எத்தனை ஆள் என்று ஒவ்வொரு மேஸ்திரியும் தன் ஷெட்டுக் கணினியில் ஓர் எக்செல் பைலில் போடுவார். அவற்றை இழுத்துக் கூட்டிக் காட்டுவது ஷர்லியின் பெரிய பைல். எல்லாக் குழியும் சைபர் என்று காட்டினால்தான் மேனேஜர் தன் மேசைச் சுவிட்சைத் தட்டிச் சங்கு ஊதுவார். முதல் சங்கு எச்சரிக்கை. இரண்டாம் சங்கு கேட்டதும் வெடிக்காரர் உடையப்பன் வெடிச் சுவிட்சைத் தட்டிவிடுவார்.

அந்தப் பெரிய பைலைத் திறந்தால் திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும்: மற்ற பைல்களிலிருந்து புதுக் கணக்கை எடுக்கவா, வேண்டாமா? டீசல் பைலைத் திறந்தாலும் அதே கேள்வி, லாரி பைலைத் திறந்தாலும் அதே கேள்வி.

“என்னை என்ன கேள்வி கேக்குறது இந்தச் சனியன்?” என்று சோலையப்பன் ஸ்டேப்ளரைத் தூக்கி அடித்தார். அது திரையில் படாமல் ஷர்லியின் நெற்றியில் பட்டது. “நாளைக்கு இந்தப் பெட்டி வந்துச்சு, நீயும் ஒந்தம்பியும் வீட்டுக்குப் போயிருங்க!”

நெற்றியில் பிளாஸ்திரியோடு அவள் ஒரு மேக்ரோ எழுதினாள். ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், கணினி தானாகவே அந்தப் பைல்களையெல்லாம் திறந்துவிடும். திறக்கச் சொல்கிற வரியில் ஓர் எண் போடவேண்டும். சைபர் என்றால் ‘கேட்காதே’ என்று நினைத்துப் போட்டுவிட்டாள். பாவி மகள்! அது ‘கேட்காதே, எடுக்கவும் எடுக்காதே’ என்கிற சைபர். மூன்று என்று போட்டிருந்தால் கேட்காமலே எடுத்திருக்கும்.

மறுநாள் மதியம் சோலையப்பன் பொத்தானை அமுக்கியதும் பைல்கள் பொலபொலவென்று திறந்தன. ஒரு கேள்வியும் இல்லை. எல்லாக் குழியும் சைபர்.

“இப்பத்தாம்மா ஆபீஸ் மாதிரி இருக்கு” என்று சோலையப்பன் முதல் சங்கை ஊதினார்.

ஷர்லி நிம்மதியாக நிமிர்ந்தாள். சுவரில் ஜெபக்குமாரின் சாப்பாட்டுத் தூக்குவாளி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மேலே ஏறிவந்தால் முகம்கூடக் கழுவமாட்டான், முதலில் அந்த வாளியைத்தான் எடுப்பான். இன்னும் எடுக்கவில்லை. இரண்டாம் குழியின் பைலைத் தன் கணினியில் தனியாகத் திறந்தாள். உள்ளே நாலு பேர். பெரிய பைல் காட்டிய சைபர் நேற்றுச் சாயங்காலத்துக் கணக்கு! துளை மிஷின் சத்தத்தில் அவர்களுக்குச் சங்கு கேட்டிருக்காது. வெடியோ பக்கத்துக் குழியில். சுவர் சரிந்தால் நாலு பேரும் உள்ளேயே சமாதி.

“சார், ஊதாதீங்க! தம்பி உள்ளே இருக்கான்!”

“சைபர்னு போட்டிருக்குல்ல, கண்ணு அவிஞ்சா போச்சு?” அவர் கை சங்குச் சுவிட்சுக்குப் போனது.

ஷர்லி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். அவர் அவள் முடியைச் சுருட்டி முகத்தை மேசையில் மோதினார். பல் உடைந்தது. மறுபடி மோதினார். வாயெல்லாம் ரத்தம். தடவியதில் அவள் கைக்குக் கிடைத்தது, காகிதம் பறக்காமல் வைக்கிற கருங்கல் துண்டு. மறுபடி சுவிட்சை நோக்கி நீண்ட விரல்களைப் பார்த்து ஓங்கிப் போட்டாள். எலும்பு நொறுங்கியது கேட்டது. அவர் அலறி விழுந்தார். அப்போதும் அவள் விடவில்லை. அந்தக் கை மறுபடி எழும்பாது என்று தெரிகிறவரைக்கும் போட்டாள்.

இரண்டாம் சங்கு ஊதவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜெபக்குமார் வாளியை எடுக்க வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கம்பியை ஓங்கிக்கொண்டு மேனேஜர்மேல் பாய்ந்தான்.

“விடுடா!” என்று அவள் குறுக்கே விழுந்தாள். “அவனுக்குக் குடுத்தாச்சு. ஒன்னைக் கொல்லப் பாத்தது நாந்தாண்டா. அந்தச் சைபரைப் போட்டது நான்.” அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

விஷயம் வெளியே போனால் குவாரிக்குப் பூட்டு விழும் என்று முதலாளி அமுக்கிவிட்டார். யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. மூன்று என்று மாற்றினால் பெட்டி வராது என்பது இப்போது ஷர்லிக்கு நன்றாகத் தெரியும். மாற்றவில்லை. மேக்ரோவையே அழித்துவிட்டாள். மதியமானால் திரையில் கேள்வி வந்து நிற்கிறது. வலது கையில் கட்டோடு சோலையப்பன் இடது கையால் மவுஸைத் தடவுகிறார்.

“எடுக்கவாம்மா?” என்று அவளைக் கேட்கிறார்.

“வாசிச்சுப் பாத்து அமுக்குங்க சார்” என்கிறாள் ஷர்லி. கருங்கல் துண்டு இப்போது அவள் மேசையில் இருக்கிறது.